கிட்டார் கலைஞர்கள் மாறியும் ஃபோர்பிளே ஒரே குழுவாக நீடித்தது எப்படி?

கேள்வி | மாலைக் கேட்பாளர்

ஸ்மூத் ஜாஸ் என்னும் மென்மையான ஜாஸ் வகையில் நெடுங்காலம் இயங்கிய ஃபோர்பிளே குழுவின் ஆல்பங்களை, அவை வெளிவந்த வரிசையிலேயே கேட்டு வந்தேன். 1991இல் வந்த முதல் ஆல்பத்தில் தொடங்கி 2015இல் வந்த ‘சில்வர்’ வரை கேட்டு முடித்ததும் எழுந்த ஓர் ஐயத்தை, இந்த இசையில் ஆழ்ந்து தோய்ந்தவர்கள் இங்கே இருப்பதால் உங்கள் முன் வைக்கிறேன்.

கீபோர்டில் பாப் ஜேம்ஸ், பேஸ் கிட்டாரில் நேதன் ஈஸ்ட், டிரம்ஸில் ஹார்வி மேசன் ஆகிய மூவரும் தொடக்கத்திலிருந்து கடைசி ஆல்பம் வரை மாறவே இல்லை. கிட்டார் மட்டும் கைமாறியிருக்கிறது. 1997 வரை லீ ரிட்னவர், 1998 முதல் 2010 வரை லாரி கார்ல்டன், அதன்பின் சக் லோப். ஜாஸ் குழுக்களில் ஆள் மாறுவது வழக்கந்தான் என்றாலும், பாடகரும் சாக்சபோனும் இல்லாமல் நால்வர் மட்டுமே வாசிக்கும் ஒரு குழுவில், மெட்டைத் தாங்கிச் செல்லும் பொறுப்பு பியானோவுக்கும் கிட்டாருக்கும் மட்டுமே உரியது. அவ்விருவரில் ஒருவர் விலகினால் குழுவின் குரலே பாதி மாறிவிட வேண்டும். அப்படி மாறியதாக எனக்குத் தோன்றவில்லை. எந்த ஆல்பத்தின் எந்தப் பாட்டை ஓடவிட்டாலும், கிட்டார் நுழைவதற்கு முன்பே இது ஃபோர்பிளே என்று தெரிந்துவிடுகிறது. இதற்குக் காரணம் என்னவென்று யாராவது விளக்க முடியுமா?

இதனோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. ஜாஸ் ரசிகர்கள் பலர் இவர்களை, பிறருக்கு ஸ்டுடியோவில் வாசித்துக் கொடுத்தவர்கள் இடைப்பட்ட நேரத்தில் கூடிச் செய்த குழு என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். கால் நூற்றாண்டு ஒன்றாக வாசித்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்வது சரிதானா?

மறுமொழி | தாளக்கட்டு

நல்ல கேள்வி. இரண்டு கேள்விகளுக்கும் விடை ஏறக்குறைய ஒன்றுதான் என்பது என் கருத்து. இந்தக் குழுவின் அடையாளத்தை நாம் வழக்கமாக மெட்டில் தேடுகிறோம். அது தாளத்திலும், நால்வரும் தமக்குள் வைத்துக்கொண்ட ஒரு பழக்கத்திலும் இருக்கிறது.

முதலில் இவர்கள் சேர்ந்த விதத்தைப் பார்க்கலாம். பாப் ஜேம்ஸ் 1990இல் ‘கிராண்ட் பியானோ கேன்யன்’ என்ற தம் தனி ஆல்பத்துக்காக அழைத்த கலைஞர்களில் ரிட்னவர், ஈஸ்ட், மேசன் ஆகிய மூவரும் இருந்தார்கள். அந்த ஒலிப்பதிவில் தங்களுக்குள் அமைந்த இணக்கத்தைக் கண்டு, இதை ஒரு குழுவாகவே தொடரலாம் என்று நால்வரும் முடிவு செய்ததன் விளைவுதான் 1991இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பம். அது பில்போர்டு இதழின் சமகால ஜாஸ் பட்டியலில் 30 வாரங்களுக்கும் மேலாக முதலிடத்தில் நின்றது. ஆனால் இவர்களுக்குள் இருந்த உறவு 1990இல் தொடங்கியது அல்ல. 1975இல் சாக்சபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியர் வெளியிட்ட ‘மிஸ்டர் மேஜிக்’ ஆல்பத்துக்கு இசைக்கோர்ப்பு செய்து கீபோர்டு வாசித்தவர் பாப் ஜேம்ஸ், டிரம்ஸ் வாசித்தவர் ஹார்வி மேசன். பிற்காலத்தில் ஸ்மூத் ஜாஸ் என்று பெயர் பெற்ற இசைக்கு அடித்தளம் இட்டவற்றுள் ஒன்றாக அந்த ஆல்பத்தைத் தயங்காமல் சொல்லலாம். ஆகவே ஃபோர்பிளே தொடங்கியபோது, ஒருவர் எந்த இடத்தில் அழுத்துவார், எந்த இடத்தில் ஒதுங்குவார் என்பதை மற்றவர் 15 ஆண்டுகளாக அறிந்திருந்தார்.

மேசனைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது. ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 1973இல் வெளியிட்ட ‘ஹெட் ஹண்டர்ஸ்’ ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் அவர். அதிலுள்ள ‘கமீலியன்’ பாட்டை இயற்றிய நால்வரில் அவரும் ஒருவர். அந்த ஆல்பம் பெரும் வெற்றி பெற்ற பிறகும், ஊர் ஊராகச் சுற்றும் மேடைக் குழுவில் அவர் சேரவில்லை. ஸ்டுடியோ வேலையே போதும் என்று இருந்துவிட்டார். அவ்வளவு பெரிய வாய்ப்பைக்கூட வேண்டாம் என்று விட்ட ஒருவர், ஃபோர்பிளே குழுவில் மட்டும் கடைசிவரை தங்கினார் என்றால், அதை ஓய்வு நேர வேலையாக அவர் கருதியிருக்க முடியாது. ஆல்பங்கள் வந்த ஆண்டுகளையும் வரிசையாகப் பாருங்கள். 1991, 1993, 1995, சிறு இடைவெளிக்குப் பின் 1998, 1999, 2000, அதன்பின் 2002 முதல் 2012 வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்று, இறுதியாக 2015. நால்வருக்கும் தனித்தனி ஆல்பங்களும் தனித்தனி ஒப்பந்தங்களும் இருந்த நிலையில் இந்த ஒழுங்கு தானாக வந்துவிடாது.

இனி நான் மேலே சொன்ன பழக்கம். ஒவ்வொரு ஆல்பத்திலும் இயற்றியவர்களின் பெயர்களைப் படித்துப் பார்த்தால், பாப் ஜேம்ஸின் பாட்டுகளுக்கு இடையே ஈஸ்டின் பாட்டும் மேசனின் பாட்டும் கிட்டார் கலைஞரின் பாட்டும் கலந்திருப்பதைக் காணலாம். பெரும்பாலான ஜாஸ் குழுக்களில் ஒருவர் தலைவர், மற்றவர்கள் அவருக்கு வாசிப்பவர்கள். இங்கே தலைவர் என்று ஒருவரும் இல்லை. குழுவின் பெயரிலும் யாருடைய பெயரும் இல்லை. தம் பாட்டுக்கு மற்ற மூவரும் உயிர் கொடுக்க வேண்டுமென்றால், அவர்களுடைய பாட்டுக்குத் தாமும் அதே அக்கறையோடு வாசித்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. புதிதாக வரும் கிட்டார் கலைஞருக்கும் முதல் நாளிலிருந்தே அதே உரிமையும் அதே கட்டாயமும் கிடைத்துவிடுகின்றன.

தாளத்தைப் பொறுத்தவரை, ஈஸ்ட் ஒரு ஸ்வரத்தை எப்போது தொடங்குகிறார் என்பதைவிட எப்போது நிறுத்துகிறார் என்பதைக் கவனியுங்கள். மேசன் ஸ்னேர் என்னும் கூர்மையாக ஒலிக்கும் டிரம்மில் அழுத்தமாக ஓர் அடி அடிப்பதற்குச் சற்று முன்பாகவே பேஸின் ஒலி அடங்கிவிடும். அந்தச் சிறு வெற்றிடத்தில்தான் ஸ்னேரின் ஒலி அவ்வளவு துல்லியமாக விழுகிறது. பெரிய அடிகளுக்கு இடையில் மேசன் காதுக்கு எட்டியும் எட்டாமலும் மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பார். பாப் ஜேம்ஸ் தம் இடக்கையைக் கீழ் ஸ்தாயியில் அதிகம் உழைக்க விடாமல், அந்தப் பகுதியை முழுவதுமாக ஈஸ்டிடம் ஒப்படைத்துவிடுகிறார். இவை மூன்றும் சேர்ந்ததுதான் கிட்டார் நுழைவதற்கு முன்பே உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும் அந்த ஒலி. நெசவில் பாவு அப்படியே இருக்க, ஊடையின் நிறம் மட்டும் மாறியதைப் போல என்று சொல்லலாம்.

ஸ்டுடியோ கலைஞர்கள் என்று குறைத்துப் பேசுபவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பாப் ஜேம்ஸ் 1965இல் ‘எக்ஸ்ப்ளோஷன்ஸ்’ என்ற பெயரில், கட்டுகளையெல்லாம் உதறிய, காதுக்கு எளிதில் பிடிபடாத ஓர் ஆல்பத்தைச் செய்தவர். அதன்பின் ஜாஸ் பாடகி சாரா வானுக்கு இசை இயக்குநராக இருந்தவர். சி.டி.ஐ. என்ற ஜாஸ் இசை வெளியீட்டு நிறுவனத்தில் பிறருடைய ஆல்பங்களுக்கு இசைக்கோர்ப்பு செய்தவர். 1974இல் அவர் வெளியிட்ட ‘நாட்டிலஸ்’ பாட்டின் துணுக்குகளை ஹிப்ஹாப் இசையமைப்பாளர்கள் இன்றுவரை எடுத்தாண்டு வருகிறார்கள். இத்தனையும் கடந்து வந்த ஒருவர் எளிமையாக வாசிப்பது, வேறு எதுவும் வராததால் அல்ல.

மறுமொழி | ஆறு தந்தி

மேலே எழுதிய நண்பர் தாளத்தைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கிட்டாரை ஊடையின் நிறம் என்ற அளவில் அவர் நிறுத்திவிட்டதை ஏற்க முடியவில்லை. 1998இல் கார்ல்டன் வந்தபோது மாறியது நிறம் மட்டும் அல்ல.

ரிட்னவர் வேகமானவர். இளம் வயதிலேயே ‘கேப்டன் ஃபிங்கர்ஸ்’ என்ற பட்டப்பெயரைப் பெற்றவர். நைலான் தந்தி கிட்டாரிலும் மின் கிட்டாரிலும் ஒரே தேர்ச்சியுடன் வாசிப்பவர், பிரேசில் நாட்டுத் தாளங்களில் நாட்டம் மிகுந்தவர். முதல் மூன்று ஆல்பங்களில் கிட்டாரும் பியானோவும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும் இடங்கள் அவ்வளவு சுத்தமாக ஒலிப்பதற்கு, அவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நேராகவும் தெளிவாகவும் தொடுவதே காரணம். முதல் ஆல்பத்தில் அவரும் பாப் ஜேம்ஸும் சேர்ந்து இயற்றிய ‘பாலி ரன்’ பாட்டைக் கேட்டால் இது விளங்கும். பியானோவின் ஸ்வரத்துக்கு வளைவு கிடையாது. அழுத்தினால் ஒலிக்கும், விட்டால் நிற்கும். ரிட்னவர் தம் கிட்டாரையும் அந்தத் துல்லியத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

கார்ல்டன் அப்படிப்பட்டவர் அல்லர். அவருடைய கிட்டார் பாட முயலும் கிட்டார். ஒரு ஸ்வரத்தை அரை ஸ்வரம் கீழே பிடித்து, தந்தியை மெல்ல இழுத்து, சேர வேண்டிய இடத்துக்கு அவசரமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நம் இசையில் ஜாரு கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும். காலடியிலுள்ள வால்யூம் பெடலை அழுத்தியபடி, தந்தியை மீட்டும் சத்தமே கேட்காமல் ஒலியை மட்டும் மெதுவாக எழுப்பும் பழக்கமும் அவருக்கு உண்டு. கிப்சன் ஈ.எஸ். 335 கிட்டார் அவரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டதால் ‘மிஸ்டர் 335’ என்றே அவரை அழைப்பார்கள். குருசேடர்ஸ் குழுவில் பல ஆண்டுகள் வாசித்தவர். ஸ்டீலி டேன் குழு 1976இல் வெளியிட்ட ‘கிட் ஷார்லமேன்’ பாட்டில் அவர் வாசித்த தனி ஆவர்த்தனத்தை இன்றும் கிட்டார் பயில்பவர்கள் ஸ்வரம் ஸ்வரமாக எழுதிவைத்துப் பயிற்சி செய்கிறார்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு அவரைக் கேட்க வேண்டும். 1988இல், லாஸ் ஏஞ்சலஸில் அவருடைய ஸ்டுடியோவுக்கு வெளியே, முன்பின் தெரியாத ஒருவன் சுட்டதில் தொண்டையில் குண்டு பாய்ந்தது. நரம்புகளும் குரல்வளையும் சேதமடைந்து, மீண்டும் வாசிக்க முடியுமா என்ற நிலையிலிருந்து தொடர்ந்த பயிற்சியால் மீண்டு வந்தவர் அவர். பத்து ஆண்டுகள் கழித்து ஃபோர்பிளேயில் சேர்ந்தபோது, எதையும் நிரூபிக்க வேண்டிய தேவை அவருடைய வாசிப்பில் இல்லை. இது என் சொந்த எண்ணந்தான் என்றாலும் அந்த ஆல்பங்களைக் கேட்கும்போதெல்லாம் இதுவே எனக்குத் தோன்றுகிறது.

அவர் வந்ததும் பாப் ஜேம்ஸின் வாசிப்பும் மாறியது. ரிட்னவர் காலத்தில் கிட்டாரோடு கூடவே ஓடிய பியானோ, கார்ல்டன் காலத்தில் கிட்டார் ஒரு சொற்றொடரை முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொல்லத் தொடங்கியது. இழுத்துச் சேர்க்கும் ஸ்வரத்தோடு பியானோ சேர்ந்து வாசிக்க முடியாது, வாசித்தால் இரண்டும் ஒன்றோடொன்று உரசும். அதனால் வந்த மாற்றம் இது. ‘4’ என்ற 1998 ஆல்பத்திலேயே இந்த உரையாடல் தொடங்கிவிடுகிறது. 2002இல் வந்த ‘ஹார்ட்ஃபெல்ட்’ ஆல்பத்தில் முழுமையடைகிறது. குழுவின் தாளம் அப்படியே இருந்தது என்பது உண்மை. அதன் மேல் நடந்த பேச்சு வேறாகிவிட்டது என்பதும் உண்மை.

இந்த மாற்றம் குழுவை உடைக்காததற்கு ஒரு முன்கதையும் இருக்கிறது. ரிட்னவரும் கார்ல்டனும் 1995லேயே ‘லாரி அண்ட் லீ’ என்ற ஆல்பத்தை இணைந்து வெளியிட்டவர்கள். ரிட்னவர் 1997இல் விலகியது மனக்கசப்பினால் அல்ல, தாமே ஓர் இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கி நடத்துவதற்காகத்தான். அவர் எழுந்த நாற்காலியில், அவரோடு முன்பே சரிசமமாக வாசித்த ஒருவர் வந்து அமர்ந்தார்.

கேட்டவரின் தொடர்ச்சி | மாலைக் கேட்பாளர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பியானோ காத்திருந்து பதில் சொல்கிறது என்று படித்த பிறகு ‘ஹார்ட்ஃபெல்ட்’ ஆல்பத்தை மீண்டும் கேட்டேன். அந்த இடைவெளிகள் இப்போதுதான் தெளிவாகத் தெரிகின்றன.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. ‘ஹார்ட்ஃபெல்ட்’, அதன்பின் வந்த ‘ஜர்னி’, ‘எக்ஸ்’, ‘எனர்ஜி’ ஆகியவை முதல் மூன்று ஆல்பங்களுக்குத் தரத்தில் குறைந்தவை அல்ல என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இந்தக் குழுவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1990களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏன்?

மறுமொழி | அலைவரிசை

இதற்கு விடை குழுவின் இசையில் இல்லை, வானொலியில் இருக்கிறது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1987 பிப்ரவரியில், லாஸ் ஏஞ்சலஸில் கே.எம்.இ.டி. என்ற பழைய ராக் வானொலி நிலையம் மூடப்பட்டு, அதே 94.7 அலைவரிசையில் ‘த வேவ்’ என்ற புதிய நிலையம் தொடங்கியது. பேச்சைக் குறைத்து, ஜாஸ் சாயல் கொண்ட வாத்திய இசையையும் மென்மையான பாட்டுகளையும் நாள் முழுவதும் ஒலிபரப்பினார்கள். அது வெற்றி பெற்றதும் அமெரிக்காவின் மற்றப் பெருநகரங்களிலும் அதே பாணியில் நிலையங்கள் பெருகின. ஃபோர்பிளேயின் முதல் ஆல்பம் வந்த 1991ஆம் ஆண்டு, இந்த ஏறுமுகத்தின் நடுவே அமைந்தது. அடுத்த ஆண்டு சாக்சபோன் கலைஞர் கென்னி ஜி வெளியிட்ட ‘பிரெத்லெஸ்’ ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது என்பதிலிருந்து, இந்த இசைக்கு அன்று இருந்த சந்தையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த நிலையங்கள் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்த முறை வேறு மாதிரியானது. ஒரு பாட்டின் சில நொடித் துணுக்கைக் கேட்பாளர்களுக்கு ஓடவிட்டு, அவர்கள் தரும் மதிப்பெண்ணை வைத்து, இது ஒலிபரப்பில் ஏறலாமா கூடாதா என்று முடிவெடுத்தார்கள். சில நொடிகளில் மனத்தைப் பிடிக்காத எதுவும் உள்ளே நுழைய முடியாது. மெல்ல வளர்ந்து நான்காவது நிமிடத்தில் மலரும் மனோதர்மத்துக்கு அங்கே இடமே இல்லை.

ஃபோர்பிளே இதை எதிர்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் தங்கள் சொந்தப் பாட்டுகளைத் துணுக்குச் சோதனைக்காக வெட்டிச் சுருக்குவதற்குப் பதிலாக, ஆல்பத்தில் ஓரிரு பாட்டுகளை மட்டும் வானொலிக்கென்று ஒதுக்கினார்கள். அவை பெரும்பாலும் ஏற்கெனவே மக்கள் அறிந்த பாட்டுகள், பாடுவதற்குப் புகழ்பெற்ற விருந்தினர். முதல் ஆல்பத்தில் மார்வின் கேயின் ‘ஆஃப்டர் த டான்ஸ்’ பாட்டை எல் டிபார்ஜ் பாடினார். 1993 ஆல்பத்துக்குப் பெயர் தந்த, ஐஸ்லி பிரதர்ஸின் ‘பிட்வீன் த ஷீட்ஸ்’ பாட்டில் சாக்கா கான் குரல் கொடுத்தார். 1995இல் வந்த ‘எலிக்சர்’ ஆல்பத்தில் ஃபில் காலின்ஸும், பேட்டி ஆஸ்டினும், பீபோ பிரைசனும் பாடினார்கள். காலின்ஸின் வருகைக்குப் பின்னால் பழைய உறவு உண்டு. 1984இல் பிலிப் பெய்லியும் காலின்ஸும் சேர்ந்து பாடிய ‘ஈசி லவர்’ பாட்டை அவர்களோடு இணைந்து இயற்றியவர் நேதன் ஈஸ்ட். இந்தப் பாட்டுகள் வானொலியில் ஓடி ஆல்பத்தை விற்றுக் கொடுத்தன. மிச்சமிருந்த பாட்டுகளில் அவர்கள் விரும்பியபடி வாசித்தார்கள்.

இந்த ஏற்பாடு வானொலி இருந்தவரைதான் நடந்தது. 2000களின் பிற்பகுதியில் அந்த நிலையங்கள் அடுத்தடுத்து மறைந்தன. நியூயார்க்கின் ‘சி.டி. 101.9’ 2008 பிப்ரவரியில் ராக் இசைக்கு மாறியது. சிகாகோவின் டபிள்யூ.என்.யு.ஏ. 2009இல் ஸ்பானிய மொழி நிலையமானது. இந்தப் பாணியைத் தொடங்கிவைத்த ‘த வேவ்’ நிலையமே 2010இல் ஸ்மூத் ஜாஸ் என்ற அடையாளத்தைக் கைவிட்டு, பாட்டுகள் மிகுந்த வேறு பாணிக்குப் போய்விட்டது. கேட்பாளர்கள் தாம் கேட்ட நிலையங்களை நாட்குறிப்பில் எழுதித் தரும் பழைய முறை போய், அருகில் எந்த நிலையம் ஒலிக்கிறது என்பதைத் தானே பதிவு செய்யும் கையடக்கக் கருவி வந்ததும், இந்த நிலையங்களின் கேட்பாளர் கணக்கு சரிந்தது என்பது பலரும் சொல்லும் காரணம். அதற்கு முன்பே, மதிப்பெண் சோதனையில் தேறிய அதே சில நூறு பாட்டுகளைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியதில் கேட்பாளர்கள் சலித்துப்போயிருந்தார்கள் என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். போதாக்குறைக்கு 2011இல் கிராமி விருதுகளின் பிரிவுகளைக் குறைத்தபோது, சமகால ஜாஸ் ஆல்பத்துக்கென்று இருந்த தனிப் பிரிவும் நீக்கப்பட்டது.

ஃபோர்பிளே 2000 வரை வார்னரிலும், பின்னர் ஆர்.சி.ஏ. குடும்பத்தைச் சேர்ந்த ப்ளூபேர்டு நிறுவனத்திலும், 2008 முதல் ஹெட்ஸ் அப் நிறுவனத்திலும் ஆல்பங்களை வெளியிட்டது. நீங்கள் குறிப்பிட்ட ‘எனர்ஜி’ ஆல்பம் வந்த 2008ஆம் ஆண்டில்தான் நியூயார்க் நிலையம் மறைந்தது என்பதைக் கவனியுங்கள். அந்த ஆல்பத்தில் எஸ்பரான்சா ஸ்பால்டிங் பாடியிருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருதை வென்று உலகம் முழுவதும் அறியப்பட்டவர் அவர். அவ்வளவு கூர்மையான காதோடு விருந்தினரைத் தேர்ந்தெடுத்த ஆல்பம், அதை ஒலிபரப்ப நிலையமே இல்லாத நேரத்தில் வந்து சேர்ந்தது. அது பேசப்படாமல் போனதற்கு அந்த நால்வரிடம் நான் எந்தக் குறையையும் காணவில்லை.

மறுமொழி | ஆறு தந்தி

அலைவரிசை அவர்கள் வானொலி வரலாற்றை எழுதிய விதம் அருமை. சக் லோபைப் பற்றி இதுவரை யாரும் எழுதாததால், அந்தப் பகுதியை நான் எழுதிவிடுகிறேன்.

கார்ல்டன் 2010இல் தம் சொந்த இசைப்பணிகளுக்காக விலகியதும் சேர்ந்தவர் லோப். நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, இளம் வயதில் சாக்சபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸின் குழுவிலும் பின்னர் ஸ்டெப்ஸ் அஹெட் குழுவிலும் வாசித்தவர் என்பதால், முந்தைய இருவரைவிட அவரிடம் பீபாப் என்னும் வேகமும் சிக்கலும் மிகுந்த ஜாஸ் மரபின் சாயல் அதிகம். கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) விரைந்து மாறும் இடங்களில் அவருடைய விரல்கள் ஒவ்வொரு கார்டையும் தொட்டுச் செல்லும். அவர் வந்த முதல் ஆல்பமான ‘லெட்ஸ் டச் த ஸ்கை’யில் அனிதா பேக்கரும் ரூபன் ஸ்டடார்டும் பாடினார்கள். கேட்க நிலையம் இல்லாதபோதும் அந்தப் பழக்கத்தை அவர்கள் விடவில்லை. 2012இல் வந்த ‘எஸ்ப்ரி டி ஃபோர்’ ஆல்பத்தில், முந்தைய ஆண்டு சுனாமியால் பாதிக்கப்பட்ட ஜப்பானிய மக்களுக்காக ஒரு பாட்டு இடம்பெற்றது. அதைப் பாடியவர் ஜப்பானியப் பாடகி செய்கோ மட்சுடா. அமெரிக்காவில் வானொலி கைவிட்ட பிறகும் இந்தக் குழுவுக்கு ஜப்பானில் பெரும் ரசிகர் கூட்டம் இருந்ததால், அந்தப் பாட்டைச் சம்பிரதாயமான அனுதாபமாக நான் கேட்கவில்லை.

25 ஆண்டு நிறைவைக் கொண்டாடிய ‘சில்வர்’ ஆல்பத்தில் ரிட்னவரும் கார்ல்டனும் விருந்தினராக வந்து வாசித்தார்கள். ஜாஸ் பியானோ கலைஞர் ஹோரஸ் சில்வரின் நினைவைப் போற்றும் பாட்டும் அதில் இருக்கிறது. உங்கள் முதல் கேள்வியில் எனக்கும் தாளக்கட்டு அவர்களுக்கும் உள்ள கருத்து வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஆல்பம் இல்லை. அதே மூவரின் தாளத்தின் மேல் மூன்று கிட்டார்களும் ஒரே தொகுப்பில் ஒலிக்கின்றன.

லோப் 2017 ஜூலை 31ஆம் நாள் புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 61. அதன்பின் மேடைகளில் அந்த இடத்தை நிரப்ப இன்னொரு கிட்டார் கலைஞரை அழைக்காமல், 1990களிலேயே பாப் ஜேம்ஸோடு இணைந்து ஆல்பம் செய்திருந்த சாக்சபோன் கலைஞர் கர்க் வேலமை அழைத்தார்கள். ஊர் பார்த்து, கை பார்த்து, நான்காவது கிட்டாரைத் தேடிப் பிடிப்பது அவர்களுக்குக் கடினமாக இருந்திருக்காது. அவர்கள் அதைச் செய்யவில்லை.

மறுமொழி | தாளக்கட்டு

ஆறு தந்தி அவர்கள் சொன்னதற்காக ‘சில்வர்’ ஆல்பத்தை இப்போது மீண்டும் கேட்டேன். பியானோவின் நடத்தை கிட்டாருக்குக் கிட்டார் மாறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கார்ல்டன் வாசிக்கும்போது பாப் ஜேம்ஸ் உண்மையாகவே காத்திருக்கிறார். ரிட்னவர் வந்ததும் பழையபடி கூடவே ஓடுகிறார். ஆனால் ஈஸ்டும் மேசனும் இரண்டு இடங்களிலும் சிறிதும் அசைந்துகொடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 1991, 1998, 2010 ஆகிய மூன்று ஆண்டுகளின் ஆல்பங்களை மட்டும் எடுத்து, நல்ல ஹெட்ஃபோனில், கிட்டாரை வேண்டுமென்றே விட்டுவிட்டு பேஸை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். ஈஸ்ட் சில இடங்களில் பேஸில் வாசிப்பதை அப்படியே குரலிலும் சேர்த்துப் பாடுவார். முதலில் எந்தப் பாட்டில் அதைக் கண்டீர்கள் என்று இங்கே எழுதினால், அங்கிருந்து பேச்சைத் தொடரலாம்.